எழுபத்திரண்டில் ஒரு பங்கு

மஞ்சக்குப்பத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆம்பளைக்கு ஊர் அனுமதித்திருக்கும் பொழுதுபோக்குகள் சில உண்டு. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம். நடந்து கரைத்ததை டீக்கடை மசால்வடை மூலம் உடனே ஈடுகட்டலாம். பிரதோஷத்தன்று திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் நந்தி அபிஷேகம் பார்க்கலாம். சாயந்திரம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து, அகவிலைப்படி எப்போது ஏறும் என்று கடலைப் பார்த்துக் கேட்கலாம். பிளாஸ்டிக்கில் போர் விமானம் ஒட்டலாம் என்று இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. "பறக்குமா சார்?" பறக்காது. "பேட்டரி எங்க போடறது?" போடுவதில்லை. "ரிமோட்டு?" இல்லை. "சக்கரமாவது சுத்துமா?" ஒட்டியாகிவிட்டது, சுற்றாது. "அப்ப என்னதான் பண்ணும்?" நிற்கும். வந்தவர் முகத்தில் ஓர் இரக்கம் படரும். அந்த இரக்கம் என்னைத் தாண்டி, அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் என் மனைவியிடம் போய்ச் சேரும். ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கே மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! என் விமானத்தை மட்டும் எல்லாரும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வேதம் ஒன்றுதான்: அளவு. அசல் விமானத்தின் ஒவ்வொரு அங்கத்தையும் எழுபத்திரண்டால் வகுத்தால் வருவது நம் விமானம். அதென்ன எழுபத்திரண்டு? ஆறடி மனிதனை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. வெள்ளைக்காரனின் அடி, அங்குலக் கணக்குக்கு அது தோதாக அமைந்துவிட்டது. 1932ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் மர விமானங்களை இந்த அளவில் பெட்டி போட்டு விற்றார். 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக்கில் ஸ்பிட்ஃபயர் போட்டது. அதன் பிறகு உலகமெங்கும் மேஜைமேல் நிற்கும் விமானப் படைகளுக்கு 1/72 என்பது தேசிய கீதம் போல ஆகிவிட்டது.

இந்தக் கணக்கில் நம் விமானப் படை எப்படி இருக்கும் என்று பாருங்கள். 1965 போரில் பேர் வாங்கிய நாட் விமானம் 12 சென்டிமீட்டர். சட்டைப் பையில் வைக்கலாம். மிக்-21 ஏறக்குறைய 20. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் 222ஆவது ஸ்குவாட்ரனாக வந்து இறங்கிய சுகோய்-30 அசலில் 22 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் முப்பதரை சென்டிமீட்டர், அதாவது ஸ்கூல் பையனின் மர ஸ்கேல் நீளம். எதிரி நடுங்கும் விமானம் பென்சில் பெட்டி பக்கத்தில் அடங்கிவிடும்.

இந்த அளவு நோய் ஒருமுறை தொற்றிவிட்டால் போதும், பிறகு கண்ணில் படுவதையெல்லாம் வகுக்கத் தோன்றும். மைதானத்தில் பொதுக்கூட்டம் என்றால் தலைவருக்கு நாற்பதடியில் கட்-அவுட் வைப்பார்கள். கூட்டம் அண்ணாந்து பார்த்துக் கை தட்டும். எனக்கு மட்டும் அது ஒன்றுக்கு ஏழு ஸ்கேலில் செய்த மாடலாகத் தெரியும். உடம்பு ஒன்றுக்கு ஏழு சரி, கும்பிடுகிற கை ஏன் ஒன்றுக்கு ஒன்பது வருகிறது என்ற கவலையிலேயே எனக்குக் கூட்டம் முடிந்துவிடும்.

கடலூருக்கு அளவு பற்றி இவ்வளவு கவலை என்றைக்கும் இருந்ததில்லை. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேசி முடித்தார்கள். நாலா பக்கமும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. சங்கிலி கிடையாது, சர்வேயர் கிடையாது, பட்டா மாறுதலுக்கு அலைச்சல் கிடையாது, ஒரே வெடி. அப்படி நிலம் அளந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, சுகோயின் வால் அரை மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டது என்று ராத்திரி தூங்காமல் புரள்கிறவன் நான்.

மாடல் கிட் நம் ஊரில் கிடைக்காது. லாரன்ஸ் ரோடு கடைகளில் விமானம் கேட்டால், சாவி கொடுத்ததும் கத்திக்கொண்டு ஓடி சுவரில் முட்டிக்கொள்ளும் ரகத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆகவே எல்லாம் பார்சல். பெட்டியின் மேல் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கும். மேல் வரம்பு எதுவும் போட்டிருக்காது. அந்தச் சட்ட ஓட்டையில்தான் என் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பார்சல் கொண்டுவரும் தம்பி ஒவ்வொரு முறையும் "பேரனுக்கா சார்?" என்பார். எனக்கு இன்னும் பேரன் இல்லை. இருந்தாலும் தலையாட்டிவிடுவேன், பிறக்காத குழந்தையின் பெயரில் ஒரு விமானத் தளமே சேர்ந்துவிட்டது. விலையை மட்டும் வீட்டில் பத்தில் ஒரு பங்கு ஸ்கேலில் சொல்வது வழக்கம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இருக்காது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், பைலட் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். வெட்டி எடுத்து, பிசிறு சீவி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, இடைவெளியில் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். வீட்டு நிலைக்கதவுக்கு ஆசாரி செய்கிற அத்தனை வேலையும் உண்டு. ஆனால் கதவு என்றால் கடைசியில் திறந்து மூடவாவது முடியும்.

கருவிகள் வாங்குவதில்தான் மானம் போகும். பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் சாதாரணப் பசை இல்லை. அது இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து, ஒன்றோடொன்று கலக்கவைத்துக் காய்ந்துவிடும். பிறகு அது ஒரே துண்டு. ஒரு சொட்டு கூடினால் விமானம் உருகும். ஆகவே ஊசியால் வைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் போய், "சிரிஞ்சு மட்டும் போதும், மருந்து எதுவும் வேண்டாம்" என்று கேட்கும் ஆளைக் கடைக்காரர் எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த கடை ஃபேன்சி ஸ்டோர். நகம் ராவும் அரம், புருவம் பிடுங்கும் இடுக்கி, இரண்டு மூன்று நிறத்தில் நெயில் பாலிஷ். காலேஜ் பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மூன்றாவது கடைக்குப் போவதற்குள் என்னைப் பற்றி இரண்டு விதமான வதந்திகள் தயாராகிவிடும்.

வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் மூலப்பொருள்களும் உண்டு. வெட்டி மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை விளக்குச் சுடரில் காட்டி, இளகும் நொடியில் இரு பக்கமும் இழுத்தால் நூல் மாதிரி நீளும். ஏரியல் கம்பி தயார். முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானத்துக்கு இறக்கைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்ட வேண்டும். அதற்கு என் மனைவியின் சீப்பு. நீளம் தாராளம், இழுவை அருமை. சமீப காலமாகக் கம்பிகள் வெள்ளி நிறத்திலேயே கிடைப்பதால் பெயின்ட் செலவும் மிச்சம். இந்தத் தொழில்நுட்ப முன்னேற்றத்தை அவளிடம் இன்னும் தெரிவிக்கவில்லை.

விமானப் படைச் சின்னம், வால் எண் எல்லாம் டெக்கால் என்ற மெல்லிய படலத்தில் அச்சடித்து வரும். தண்ணீரில் ஊறவைத்தால் தாளிலிருந்து நழுவும். அப்போது நோகாமல் நகர்த்தி இறக்கைமேல் உட்காரவைக்க வேண்டும். ஆழமில்லாத, வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். டவராவைவிடப் பொருத்தமான பாத்திரத்தை மனித குலம் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் ஆரஞ்சு, வெள்ளை, பச்சை வட்டம் ஒன்று டவராவில் ஊறிக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து மச்சினர் வந்து இறங்கினார். மனைவி தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே டவராவில் காபியை வைத்து நீட்டினாள். மச்சினர் ஆற்றிக் குடித்து, கடைசி வாய்க்கு அண்ணாந்தவர், அப்படியே நின்றுவிட்டார். டவராவின் அடியில் இந்திய விமானப் படையின் சின்னம் கச்சிதமாக ஒட்டியிருந்தது. சூடான காபி பட்டால் டெக்கால் அவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. தேய்த்தும் போகவில்லை. இப்போது அந்த டவரா பாதுகாப்புத் துறைச் சொத்தாகத் தனியே இருக்கிறது. மச்சினர் வந்தால் டம்ளரில்தான் காபி கேட்கிறார்.

விமானத்தைவிட விமானி படுத்தும் பாடுதான் பெரிது. ஓர் அங்குலத்துக்கும் குறைவு; உட்கார்ந்த நிலை. இடுக்கியிலிருந்து துள்ளினால் மொசைக் தரையில் எந்தப் பூவுக்குள் மறைந்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேட வேண்டும். ஒரு ஸ்குவாட்ரன் லீடர் அப்படிக் காணாமல் போனார். இட்லிக்கு உளுந்து களைந்தபோது அகப்பட்டார். "கல்லுன்னு நெனச்சுத் தூக்கிப் போட இருந்தேன், ஹெல்மெட் போட்டிருக்கவே பாத்தேன்" என்றாள் மனைவி. உண்மையான மீட்புப் பணிக்குக் கொடுக்கும் விருதை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். நான் "நன்றி" என்றேன். அவள் "அரிசியில யாராவது இருக்காங்களான்னு நீங்களே பாத்துக்குங்க" என்று முறத்தை என் கையில் கொடுத்தாள்.

இந்த வேலைக்கு வரலாற்று நியாயம் தேடி வைத்திருந்தேன். ஜப்பான் போரில் அமெரிக்கா இறங்கியதும், வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சிப்பாய்களுக்குப் பழக்க மாதிரிகள் தேவைப்பட்டன. 1942ல் அமெரிக்கக் கடற்படை நாடு முழுக்கப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செதுக்கித் தரச் சொன்னது. அளவு? அதே 1/72. நிழலுருவம் அச்சுப் பிசகாமல் இருந்தால்தான் சிப்பாய் சரியான விமானத்தைச் சுடுவான். ஆகவே நான் செய்வது ஒரு வகையில் தேசப் பாதுகாப்பு என்று மனைவியிடம் விளக்கினேன். "சரி, மஞ்சக்குப்பத்துக்கு மேல எந்த நாட்டு விமானம் வருது?" என்றாள். பக்கத்தில் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட ஓடுதளம் இன்னும் கிடக்கிறது என்றேன். "அதுல ஏதாவது எறங்கினா எழுப்புங்க" என்று தூங்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் இன்னும் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், பிரெஞ்சுக்காரன் பறந்த கதையைக் கேட்டு, குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் சொல்லி ஒரு விமானம் செய்துகொண்டார். 1910ல் பல்லாவரத்தில் அதில் பறந்தும் காட்டினார். ஓட்டல்காரர் விமானம் கட்டலாம், குமாஸ்தா கட்டக் கூடாதா? "அவரு ஓட்டல் வச்சிருந்தாரு. விமானம் கட்டற அன்னிக்கும் அவரு வீட்ல சமையல் நடந்திருக்கும். நீங்க சாப்பாட்டு மேஜையவே எடுத்துக்கிட்டா நாங்க எங்க சாப்பிடறது?" என்றாள். வரலாற்று ஆராய்ச்சியில் இந்தக் கோணத்தை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

விமானங்களோடு நின்றிருந்தால் குடும்பம் பொறுத்திருக்கும். 2025 மே 3 அன்று டி.ஆர்.டி.ஓ. மத்தியப் பிரதேசத்து ஷியோபூரில் ஓர் ஆகாயக் கப்பலைச் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி 62 நிமிடம் பறக்கவிட்டது. செய்தியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ வாயு நிரம்பியது. மறுநாள் கத்திரி ஆரம்பம் என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டில் மற்றவர்கள் கவனித்திருந்தார்கள்.

ஆகாயக் கப்பல் பிளாஸ்டிக் கிட்டாகக் கிடைக்காமல் இல்லை. ரெவல் நிறுவனம் ஹிண்டன்பர்க் போட்டிருக்கிறது. அளவு 1/720, நீளம் ஓரடிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் என் சுகோய்க்குப் பக்கத்தில் அதே அளவில் நின்றால்தானே அதன் பிரம்மாண்டம் தெரியும்? 245 மீட்டர் ஹிண்டன்பர்க்கை எழுபத்திரண்டால் வகுத்தால் 3 மீட்டர் 40. நான் தேர்ந்தெடுத்தது அதைவிடக் கொஞ்சம் சின்னது. பிரிட்டிஷ்காரன் கட்டிய ஆர்-101. காரணம், அது நம் நாட்டுக்கு வரப் புறப்பட்டது.

1930 அக்டோபர் 4 சாயந்திரம் கார்டிங்டனிலிருந்து கிளம்பியது. அப்போது நம் நாட்டோடு இருந்த கராச்சியில் அதற்காகவே ஒரு ராட்சதக் கொட்டகை கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே எடை கூடிப்போய், கப்பலை நடுவில் இரண்டாக வெட்டி, 45 அடியைச் செருகி, மறுபடி சேர்த்து 777 அடி ஆக்கியிருந்தார்கள். 50 லட்சம் கன அடிக்கு மேல் ஹைட்ரஜன். அதற்கு அடியில் பிரயாணிகள் சிகரெட் பிடிக்க ஓர் அறை. விடிவதற்குள் பிரான்சில் போவே நகருக்குப் பக்கத்தில், மழைக்காற்றில் தரை தட்டித் தீப்பிடித்தது. 54 பேரில் 48 பேர் போய்விட்டார்கள். அவசரப்படுத்திக் கிளப்பிய விமானத் துறை மந்திரி தாம்சன் பிரபுவும் அதில் இருந்தார். பிரிட்டன் அதோடு ஆகாயக் கப்பல் ஆசையைக் கைவிட்டது. கராச்சிக் கொட்டகை வராத விருந்தாளிக்குக் கட்டிய பந்தலாக நின்றது.

777 அடியை 72ஆல் வகுத்தால் பத்தடி ஒன்பதரை அங்குலம். எங்கள் ஹால் பன்னிரண்டடி. எலும்புக்கூட்டுக்கு மூங்கில்தான் சரி. மெல்லிய பிளாச்சாகப் பிளந்து, வளைத்து, வளையம் வளையமாகக் கட்டி, மேலே காத்தாடித் தாள் ஒட்டினால் தீர்ந்தது. அசல் கப்பலின் வாயுப் பைகளை மாட்டுக் குடலின் சவ்வால் செய்தார்கள். லட்சக்கணக்கான மாடுகளின் குடல். இதைச் சாப்பாட்டு வேளையில் விளக்கியதிலிருந்து சைவக் குடும்பமான எங்கள் வீட்டில் ஆர்-101 பேரை எடுத்தாலே தட்டை நகர்த்திவிடுகிறார்கள்.

தட்டு வண்டியில் இரண்டு பச்சை மூங்கில் வந்து வாசலில் இறங்கியது. நம் ஊரில் கல்யாணத்துக்கு வாழைமரம் வரும், வீடு கட்ட சவுக்கு வரும். பகல் பதினோரு மணிக்கு ஒரு வீட்டுக்கு இரண்டே இரண்டு பச்சை மூங்கில் எதற்கு வரும்? எதிர் வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் தெருமுனைப் பெரியவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க தம்பி?" என்றார். அந்த நேரம் பார்த்து எண்பது தாண்டிய என் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, நான் டேப்பை நீட்டி மூங்கிலை அளப்பதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். பத்தடி என்று அறிந்ததும் முகம் தெளிந்தது. தனக்கு ஐந்தடியே போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

ஆகாயக் கப்பல் ஆகாயத்தில் தொங்க வேண்டும். ஹாலில் உருப்படியான கொக்கி ஒன்றுதான். அதில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கத்திரி வெயிலில், கடல் காற்று சாயந்திரம் வரை தலைகாட்டாத கடலூரில், வீட்டின் ஒரே பெரிய ஃபேனைக் கழற்றச் சொன்ன மனிதனுக்குக் குடும்ப நீதிமன்றம் என்ன செய்யுமோ, அதைவிடக் கொஞ்சம் இரக்கமாகவே என் வீட்டார் நடந்துகொண்டார்கள். சமரசம் பேசி 1/144க்கு இறங்கினேன். நீளம் சரிபாதி, ஐந்தடி ஐந்து அங்குலம். வெள்ளைக்காரன் எடை தாங்கவில்லை என்று நீட்டினான். நான் ஃபேன் வேண்டும் என்று குறுக்கினேன். இரண்டில் எது நல்ல இன்ஜினியரிங் என்பதற்கு இப்போது படுக்கையறைப் பீரோவுக்கு மேலே பத்திரமாகத் தொங்கும் என் கப்பலே சாட்சி. மிஞ்சிய மூங்கிலில் மனைவி கொல்லையில் பந்தல் போட்டு புடலை ஏற்றிவிட்டாள். இந்தப் பொழுதுபோக்கால் வீட்டுக்குக் கிடைத்த முதல் வருமானம் அந்தப் புடலங்காய்.

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டுக் கொலு அளவு தெரிந்தவனுக்கு ஆண்டுதோறும் வரும் ஒன்பது நாள் தண்டனை. கீழ்ப்படியில் பண்ருட்டிச் செட்டியாரும் ஆச்சியும் கடை விரித்திருப்பார்கள். அவர்கள் எட்டில் ஒரு பங்கு. பக்கத்தில் கல்யாண ஊர்வலம், இருபதில் ஒரு பங்கு. ஊர்வலத்து மாப்பிள்ளையைச் செட்டியார் பொட்டலம் கட்டி விற்றுவிடலாம். தசாவதாரத்தில் கூர்மமும் வராகமும் ஒரே உயரம். அந்த வருடம் பார்க் வைக்கும் இடத்தில் 'ஏர்போர்ட்' வைக்கலாம் என்று மனைவி என் அலமாரியைக் காலி செய்தாள். மிக்-21 ஆச்சியின் மடிக்கு நேராக நின்றது. கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் பெங்களூரில் வந்து வடிவமைத்து 1961ல் பறந்த நம் மருத் விமானம், மேல்படியில் ஆஞ்சநேயருக்குப் பக்கத்தில். "வாயு சம்பந்தம்" என்று காரணம் சொன்னாள். மறுக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. அன்றுதான் சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள். 1963ல் சேர்ந்த விமானம். கடைசியாகப் பறந்து இறங்கியதும் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்ததை டி.வி.யில் காட்டினார்கள். சுண்டல் வாங்க வந்திருந்த பெண்கள் டி.வி.யையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இதுவா அது?" இதுதான் அது. "62 வருஷமா ஒழைச்சிருக்கு! எங்க வீட்டுக்காரருக்கே 60லதான ரிட்டையர்மென்ட்டு" என்றார் ஒரு அம்மா. அந்த அறையில் முதல் முறையாக யாரும் "பறக்குமா" என்று கேட்கவில்லை. ஒரு பாட்டி முன்னே வந்து, பொம்மை மிக்-21க்குக் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். குங்குமம் சரியாகப் பைலட்டின் கண்ணாடிக் கூண்டுமேல் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் பதறியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்த இயந்திரங்கள் அசல் அளவில் நம்மைப் பயமுறுத்தத்தான் பிறந்தவை. தலைக்கு மேல் போனால் காது அடைத்துக்கொள்ளும். கீழே எதையாவது போட்டால் ஊர் இருக்காது. எழுபத்திரண்டால் வகுத்த பிறகுதான் அவை குடும்பத்துக்கு அடங்குகின்றன. தூசி தட்டினால் சரி, செட்டியாருக்குப் பணிந்து உட்கார்ந்தால் சரி, சுண்டல் வேளையில் நகர்ந்து இடம் விட்டால் சரி. உலகத்து ராணுவங்கள் எல்லாம் ஒரே ஒரு முறை கூடிப் பேசி 1/72க்கு இறங்கிவிட்டால், பேச்சுவார்த்தை மேஜையிலேயே போரை வைத்துக்கொள்ளலாம். காயம்பட்டவர்களை உளுந்தில் தேடி எடுத்துவிடலாம்.

ஆயுத பூஜையன்று அலமாரியிலிருந்த ரஃபேலுக்கும் பூஜை வேண்டும் என்று நானே கேட்டேன். முன்மாதிரி இருக்கிறது. 2019 அக்டோபர் 8, விஜயதசமியன்று பிரான்சில் முதல் ரஃபேலை வாங்கிக்கொண்ட ராஜ்நாத் சிங், விமானத்தில் ஓம் எழுதி, தேங்காய் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மனைவி உடனே ஒரு எலுமிச்சையைக் கொண்டுவந்தாள். அதன் விட்டம் நாலு சென்டிமீட்டர். என் ரஃபேலின் சக்கரம் ஒரு சென்டிமீட்டர். எழுபத்திரண்டால் பெருக்கினால் அந்த எலுமிச்சை கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வரும். நசுக்குவதற்கு ரஃபேல் போதாது, ரோடு ரோலர் வேண்டும் என்றேன்.

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எலுமிச்சையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அஞ்சறைப் பெட்டியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். மிளகு ஒன்றை எடுத்தாள். "இது பூசணிக்காய்." கணக்குப் போட்டேன், ஓரடிக்குக் கொஞ்சம் மேல், சரியான பூசணி. "கடுகு தேங்காய்." சரிதான், உரித்த தேங்காய். கசகசாவை விரலில் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கினாள். "இது சாத்துக்குடிங்க. எலுமிச்சைக்குப் பெரிசு." உள்ளே போய் ரவை டப்பாவோடு வந்தாள். ஒரு மணி அரை மில்லிமீட்டர். எழுபத்திரண்டால் பெருக்கினால் மூன்றரை சென்டிமீட்டர். நாட்டு எலுமிச்சை!

"வெள்ளையா இருக்கே" என்றேன். பதிலே சொல்லாமல் மஞ்சள்தூளைக் கொட்டி ரவையைப் பிரட்டினாள்.

"சக்கரம் மூணா, நாலா?"

"முன்னால ரெட்டைச் சக்கரம். மொத்தம் நாலு."

நாலு மணியை எண்ணி, இடுக்கியால் எடுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, ரஃபேலை அவளே உருட்டினாள். சக்கரம்தான் சுற்றாதே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் விமானம் நாலையும் தேய்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டது; திருஷ்டி கழிந்தது. மீதி இருந்த மஞ்சள் ரவையை வீணாக்காமல் ராத்திரிக்கு உப்புமா கிளறினாள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு கணக்குப்படி, அன்று எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு லாரி எலுமிச்சம்பழம் சாப்பிட்டோம்.